ம்யூட் போடாமல் ஒரு டெமோ

ஹைதராபாத் கொண்டாப்பூரில் அறை எடுத்துத் தங்கி சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்த காலம். முதன்முறையாக கிளையண்டுக்கு ஒரு டெமோவை ஆன்லைனில் நானே நடத்தும் வாய்ப்பு வந்தது. அன்று காலையிலேயே மாதவிலக்கும் வந்தது. ஈரத்துணியைப் பிழிவது போல அடிவயிறு முறுக்கியது. "வயிறு சரியில்லை சார், வீட்டிலேர்ந்தே டெமோ கால் எடுக்கறேன்" என்று மேனேஜர் ரகுராமனுக்கு போன் செய்தேன். அவர் சென்னைக்காரர்.

"முடியலைன்னா சொல்லும்மா, கிரணைப் பண்ணச் சொல்றேன்."

சக டெஸ்டர் கிரணுக்கு விட்டுக்கொடுப்பதாவது! கட்டிலில் சுருண்டபடியே லேப்டாப்பைத் திறந்தேன்.

அறைத்தோழி மாலினி இதே ஊரில், ஏ.எஸ்.ராவ் நகரில் வளர்ந்த தமிழ்ப்பெண்; 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்பாள். "படுக்கறது நக்கோ! எழுந்து நட" என்று என்னைத் தூக்கி நிறுத்தினாள். வெந்நீர்ப் பை இல்லை. எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, கம்பளி சாக்ஸுக்குள் நுழைத்து, துப்பட்டாவால் என் வயிற்றோடு கட்டினாள். இட்லி தின்னவைத்து, டாக்டர் எனக்கு எழுதித் தந்திருந்த மாத்திரையையும் போடவைத்தாள்.

இஸ்திரி மேசைமேல் லேப்டாப்பை வைத்து, நின்றபடி இடுப்பை மெல்ல ஆட்டிக்கொண்டே பேசினேன். சூடு ஏற ஏற முறுக்கு தளர்ந்தது. கடைசி ஸ்க்ரீனுக்கு வந்தபோது மாலினி கதவைத் திறந்து கத்தினாள்.

"ஹவ்! டான்ஸ் ஆடற அளவுக்கு பீரியட்ஸ் வலி போயிடுச்சா? பாட்டில் ஆறிடுச்சுன்னா சொல்லு, மாத்திடலாம்!"

நான் ம்யூட் போட்டிருக்கவில்லை.

கிளையண்ட் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, பீரியட்ஸ் தெரியும். சிரிக்கத் தொடங்கியவர், தானும் வயிற்றில் ஹீட்டிங் பேடோடுதான் உட்கார்ந்திருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கும் சிரிப்பு பீறிட்டது. நான் குலுங்கிய குலுங்கலில் பாட்டில் நழுவி 'டங்'கென்று விழுந்தது. அந்தச் சிரிப்பினூடே அவர் ரிலீஸுக்கு ஓகே சொல்லிவிட்டார்.

லைனில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த ரகுராமன் பிறகு கூப்பிட்டார். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"டெமோ பிரமாதம்மா. அது வந்து... அந்த வெந்நீர் பாட்டிலை எப்படி வெச்சுக்கணும்? என் பொண்ணு மாசாமாசம் துடிக்கறா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை."

சூடு தோலில் நேராகப் படாமல் துணி சுற்றச் சொன்னேன். முடிந்தால் கொஞ்சம் நடக்கட்டும், டாக்டர் தரும் மாத்திரையை வலி தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போடட்டும் என்றேன். "இப்படித் துடிக்கறான்னா முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க சார்."

"மெதுவா சொல்லும்மா, எழுதிக்கறேன்" என்றார்.

அடுத்த மாதம் 'பீரியட்ஸ் வலி, வீட்டிலிருந்து வேலை' என்றே மெயில் அனுப்பினேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களே, வலியை அதன் பெயரிலேயே சொல்லுங்கள். அப்போதுதான் உதவ நினைப்பவருக்கு வழி தெரியும்.