யூனியன்வில்லில் நான் ஆடிய காசுக் காவடி

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் கட்டியவற்றைக் கேளுங்கள். சைக்கிள் கரியரில் ஓர் ஐஸ்பழப் பெட்டி, குச்சி ஐஸ்தான். அந்தப் பெட்டியிலிருந்து கொடிகாமம் சந்தியில் ஒரு கூல்பார். அதன் கூரை ஷெல் விழுந்து இரண்டு தரம் போனது, இரண்டு தரமும் நானே ஏறிப் போட்டேன். அதற்குப் பக்கத்தில் இரண்டு மாடிக் கலியாண மண்டபம், அறுநூறு கதிரை, சொந்த ஜெனரேற்றர். என் தம்பி தவராசாவைக் கனடாவுக்கு அனுப்பிய காசும் ஐஸ்பழக் காசுதான். ஊரில் என்னை ஐஸ்பழக் கந்தையா என்பார்கள். சொல்லட்டும், எனக்கு அது பட்டம்.

அந்தத் தம்பியின் மகள் துளசிக்குக் கலியாணம் என்றதும் ரிக்கற் போட்டேன். கொடிகாமத்திலிருந்து கட்டுநாயக்கா முந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல், ரோட்டால் வான் பிடித்துப் போனேன். அங்கிருந்து டோஹா, டோஹாவிலிருந்து ரொறன்ரோ. வியாழன் பின்னேரம் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து ரூஜில் இருக்கும் தம்பி வீடு ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீற்றர். வழியில் ஓரிடத்தில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு வாகனம் ஒரே வரிசையில் ஓடக்கூடிய தெரு! ஒரு பால் தேத்தண்ணி இரண்டரை டொலர். நான் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டு அரைவாசி குடித்து, மிச்சத்தை மூடி வீட்டுக்குக் கொண்டு போனேன்.

வெள்ளி பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் வந்தார். மாப்பிள்ளை மார்க்கோ பிலிப்பைன்ஸ் பிள்ளை, தங்கமான பெடியன். தாயின் பெயர் லோர்னா. ஒரு பெட்டி நிறையக் குண்டூசி கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, துளசி எங்களுக்குச் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை வரவேற்பில் காசு நடனம் இருக்கும். விரும்பியவர்கள் வரிசையில் வந்து, பெண்ணோடும் மாப்பிள்ளையோடும் கொஞ்ச நேரம் ஆடி, ஒரு நோட்டை அவர்களின் உடுப்பில் குத்திவிட வேண்டும். இரண்டு வீட்டாரும் சேர்ந்து புதுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதாக அதற்கு அர்த்தம்.

லோர்னா போனதும் தம்பி வெடித்தான்.

"என்ர பிள்ளையைக் கண்ட கண்ட ஆம்பிளையள் கையைப் பிடிச்சு ஆடவோ? கூறைச் சீலையில குண்டூசி குத்தவோ? எங்கட ஆக்கள் என்வலப்பைப் பெட்டிக்குள்ள போடுவினம். அது காணும்."

"அப்பா, அவை தங்கட சைட்டில ஆடுவினம். எங்கட சைட்டில ஒருத்தரும் எழும்பாட்டி லோர்னா அன்ரிக்கு எவ்வளவு ஷேம் தெரியுமே? அவ முப்பது வருஷமா மற்றவையின்ர பிள்ளையளுக்குக் குத்தினவ. இப்பதான் அவவின்ர டேர்ன்."

"அவை ஆடட்டும். நாங்கள் இருந்து பாப்பம்."

துளசி என்னைப் பார்த்தாள். "பெரியப்பா, ப்ளீஸ், நீங்கள் சொன்னா அப்பா கேப்பார்."

நான் சொன்னேன், அவன் கேட்கவில்லை. சனிக்கிழமை கோயிலில் தாலி கட்டி முடிந்தது. பிள்ளை சிரித்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு முழுதாக இல்லை. நான் ஐஸ்பழம் விற்றவன், ஒரு பிள்ளையின் முகம் எப்போது வாடுகிறது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு, வீட்டார் முன்னால் போய்விட, நான் ரக்சியில் போனேன். மண்டபம் யூனியன்வில் பக்கம், இருபது கிலோமீற்றர் வரும், முப்பத்தெட்டு டொலர். ஓட்டியவர் மதுரைத் தம்பி, படிக்க வந்தவராம். காசு நடனக் கதையைச் சொன்னேன்.

"இதுல என்னங்கய்யா இருக்கு? எங்க ஊர்ல மொய் வச்சா மைக்ல பேரு சொல்லுவாங்க, தொகையும் சொல்லுவாங்க."

"பேர் சொல்லாட்டி?"

"பேரு சொல்லலேன்னா சண்டைதான்யா. பந்தியிலயே இலையத் தூக்கிருவாங்க."

எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போய்விட்டது. இரண்டு டொலர் கூடக் கொடுத்தேன்.

மண்டபம் பெரிதுதான். தலைக்குத் தொண்ணூறு டொலர் என்றார்கள். ஆனால் என் மண்டபத்தில் காற்று வரும், அங்கே ஏசிப் பெட்டிக் குளிர்தான் வரும். வாசலில் கண்ணாடிப் பெட்டி. எங்கள் ஆட்கள் முந்நூறு பேரும் என்வலப்பைப் போட்டார்கள், மேடையில் படம் எடுத்தார்கள், இருந்து சாப்பிட்டார்கள். பூட்டிய பெட்டியின் திறப்பு தவராசாவின் சட்டைப் பையில்.

இரண்டு மணிபோல அறிவிப்பாளர் பெடியன் மைக்கில் "மணி டான்ஸ்!" என்று கத்தினான். மாப்பிள்ளை வீட்டார் துள்ளி எழும்பினார்கள். கிழவர்கள், குமரிகள், கைத்தடி பிடித்த ஒரு பெரியம்மா, எல்லார் கையிலும் நோட்டு, வாயில் ஊசி. மார்க்கோவின் கோட்டு பத்து நிமிடத்தில் இலை தழைத்த மரம்போல் ஆயிற்று. துளசி பக்கத்து வரிசையில் நாலே பேர், அவர்களும் கூறைச் சீலையைப் பார்த்துவிட்டு மார்க்கோவின் கோட்டிலேயே குத்தினார்கள். எங்கள் பக்கம் முந்நூறு பேரும் கதிரையில் ஒட்டினபடி. இரண்டு குடும்பம் மட்டும் எழும்பிப் போய்ப் படம் எடுக்க நிற்பதுபோல் நின்று, "கமராக்காரர் எங்கை?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

லோர்னா எங்கள் மேசைகளைப் பார்த்தார். ஒருமுறை, இரண்டாம் முறை. பிறகு கீழே பார்த்தார். துளசி வெறுங்கையோடு தனியே நின்றாள். தவராசா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

அந்த இடத்தில் நான் எழும்பினேன். இதை வாசிப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: எழும்பியது நான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வரும்போது வாசித்த தவில் நாதஸ்வரக்காரர்கள் ஒரு மூலையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பியவை, காவடி மெட்டு தெரியுமே?"

"இப்பவோ அண்ணை? கலியாணத்திலயோ?"

"கிண்ணத்தை வைச்சிட்டுக் கெதியா வாங்கோ!"

காவடியில் யாரும் யாரையும் தொடுவதில்லை. ஆணும் பெண்ணும் கிழவனும் எல்லாரும் ஆடலாம், ஒருவரும் குறை சொல்ல முடியாது. இருபது வருடம் காவடி எடுத்த தோள் இது. சம்பந்திக்குப் போர்த்தவென்று ஊரிலிருந்து ஒரு பொன்னாடை கொண்டுபோயிருந்தேன். தவில் விழுந்ததும் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் வில்லாகப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினேன். மேசைகளுக்கு நடுவால் ஆடினேன், சுழன்றேன், துளசியைச் சுற்றி வந்தேன். பிறகு பொன்னாடையை அவள் தோளில் போர்த்தி, ஐயாயிரம் ரூபாய் இலங்கை நோட்டை அதில் குத்தினேன். கூறைச் சீலையில் ஓர் ஊசி படவில்லை!

"பெரியப்பா!" என்றாள். முழுச் சிரிப்பு!

மண்டபம் குலுங்கியது. காலைத் தட்டிக்கொண்டிருந்த சனம் எழும்பியது. ஆனால் பையைத் தடவினால் ஒருவரிடமும் காசில்லை, எல்லாம் கார்ட். இருந்த காசு கண்ணாடிப் பெட்டிக்குள். ஒரு மொட்டைத் தலை அண்ணை ஆடிக்கொண்டே பெட்டியடிக்கு ஓடினார்.

"பெட்டியைத் திறவுங்கோ, என்ர என்வலப்பைத் தாங்கோ!"

பெட்டிக்குக் காவலிருந்த அன்ரி விடவில்லை. "குடுத்ததைத் திருப்பி எடுக்கிறதோ? வெக்கமில்லையே உமக்கு?"

"எடுத்துக்கொண்டு ஓடப்போறனே? உந்தப் பிள்ளைக்குக் குத்தப்போறன்!"

பின்னால் ஐம்பது பேர் சேர்ந்து தவராசாவைக் கூப்பிட்டார்கள். "தவம், திறப்பு! தவம், திறப்பு!" தவில்காரன் அதையும் தாளத்தில் எடுத்துக்கொண்டான்.

தவராசா எழும்பினான். கதவால் வெளியே போகப்போகிறான் என்றுதான் நினைத்தேன். நேரே வந்து பெட்டியைத் திறந்துவிட்டு, தன் பேர்ஸிலிருந்து ஒரு நூறு டொலர் நோட்டை எடுத்துக்கொண்டு மகளுக்கு முன்னால் போய் நின்றான். அதைப் பொன்னாடையில் குத்தினான். பிறகு, சின்ன வயதில் எனக்குப் பின்னால் ஆடிவந்த அதே பெடியனாக, காலைத் தூக்கி ஒரு சுற்று ஆடினான் பாருங்கள்! லோர்னா கூவிக்கொண்டு ஓடிவந்து அவனுக்கு எதிரே நின்று ஆடினார். காவடியை அப்படிக் கையை விரித்து ஆடுவதில்லை. ஆடட்டும். மார்க்கோ நோட்டு உதிர உதிர ஆடினான். வெளியே வரும்போது நல்ல வெயில், எல்லாருக்கும் வேர்வை.

அடுத்த சனிக்கிழமை பிக்கரிங்கில் இன்னொரு கலியாணத்துக்குத் தம்பி கூட்டிப்போனான். அங்கே அதே அறிவிப்பாளர் பெடியன். நிகழ்ச்சி அட்டையில் "காவடி மணி டான்ஸ்" என்று அச்சடித்திருந்தது. பொன்னாடை, தவில், எல்லாம் அப்படியே, பக்கேஜ் நானூறு டொலராம். மைக்கில், "இது எங்கட ரீமின்ர ஸ்பெஷல் கிரியேஷன்" என்றான். துளசியின் கலியாண வீடியோவும் வந்தது. தவில்காரர், பூ அலங்காரம், கேக், எல்லார் பெயரும் கடைசியில் ஓடுகிறது, என் பெயரைத் தவிர. விமான நிலையத்துக்குக் கொண்டுபோகும் வழியில் தம்பியிடம் கேட்டேன்.

"அண்ணை, வீடியோவில உங்கட கையும் பொன்னாடையும் வடிவாத் தெரியுதுதானே?"

கையாம்!

கொடிகாமத்தில் என் மண்டபத்துக்கு வருகிறவர்களுக்கு இந்த ஆட்டம் இலவசம், பொன்னாடையும் நானே தருவேன். கனடாவில் நானூறு டொலர் வாங்குகிறவர்களிடம் எனக்கு ஒரு சதம் வேண்டாம். ஆனால் மதுரைத் தம்பி சொன்னது சரி, பெயர் சொல்லாவிட்டால் சண்டைதான். வீடியோவைத் திருத்துங்கள். மைக் பிடிக்கும் பெடியனும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்: இந்தக் காவடியை முதலில் ஆடியவர் கொடிகாமம் ஐஸ்பழக் கந்தையா. முழுப்பெயராகச் சொல்லுங்கள். ஐஸ்பழத்தை விடக்கூடாது.