பூக்கொண்டைக்கு ஏது கால்

மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் பின்னால், ஒரு சந்தில் தொப்பி தைத்துப் பிழைத்தவர் கலீமுல்லா. மனைவி ஜைதூன் பீ இறந்தபின் அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்க மிஞ்சியவை கோழிகள்தாம். ஜைதூன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பெட்டையின் வம்சம். ரோஜா மாதிரி மடிந்த பூக்கொண்டை. வயிறு தரையில் உரசும் குட்டைக் கால். ஓடத் தெரியாததால் கீரிக்கு வேட்டை சுலபம். வம்சம் தேய்ந்துகொண்டே வந்தது.

நெட்டைக்கால் சேவல்களோடு சேர்த்துப் பார்த்தார். கால் நீண்ட குஞ்சுக்குச் சாதாரண ரம்பக் கொண்டை; கொண்டை பூத்தால் பழையபடி குட்டைக் கால். வருஷக்கணக்கில் இதே கதை. தெரு முழுக்கப் புலம்பினார்.

எதிர்வீட்டுத் தங்கவேல் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர். "ரெண்டு குணமும் ஒரே குரோமோசோம்ல, ஒரே சரத்துல பக்கத்துப் பக்கத்துப் பூவா கட்டிக் கெடக்கு பாய். முட்டைக்கு வித்து உண்டாகறப்போ ஜோடிச் சரங்க அறுந்து, துண்டு மாத்தி ஒட்டிக்கும். அந்த அறுப்பு சரியா இந்த ரெண்டுக்கும் நடுவுல விழணும்."

"எப்போ சார் விழும்?"

"நூத்துல ஒண்ணுகூடக் கஷ்டம்."

"அவ்ளோ குஞ்சுக்கும் தீனி யாரு போட்றது?"

தங்கவேல் கோயமுத்தூருக்கு மாற்றலாகிப் போனார். அதற்கப்புறம்தான் பொரிந்தது அந்தச் சேவல்: பூக்கொண்டை, கொக்குக் கால். காட்ட ஆளில்லை. அதன் தாய்க்கே காட்டினார்.

யார் கோழி என்று தெரிய, காலில் கலர்த் துணி கட்டுவது அந்தச் சந்தின் வழக்கம். இதற்கு மட்டும் அவர் கட்டவில்லை. தவமிருந்து பெற்ற கால்களைக் கந்தையால் மறைப்பதா?

வளர்ந்ததும் சேவல் கால்களின் பயனைக் காட்டியது. சுவரைத் தாண்டி, அடுத்த வீட்டுச் சுப்பம்மாவின் பெட்டைகளிடம் போய்விட்டது.

"அது என் சேவல், சுப்பம்மா."

"துணி எங்க?"

"கட்டல. கொண்டையப் பாரேன்!"

"இன்னா பாய், உன் வூட்டு பூக்கொண்டைக்கு என்னிக்கு காலு இருந்துச்சு? நீதானே ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சே?"

தெரு சிரித்தது. அவருடைய புலம்பலே அவருக்கு எதிர்சாட்சி. மறுத்துச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் கோயமுத்தூரில் இருந்தார்.

சில மாதங்களில் சுப்பம்மாவின் வாசலில் பூக்கொண்டைக் குஞ்சுகள் நீளக் காலோடு ஓடின. இப்போது பூக்கொண்டையும் நீளக் காலும் ஒரே சரத்தில் சேர்ந்துவிட்டன. ஒருநாள் கீரி வந்தது, ஒன்றுகூட அகப்படவில்லை. ஜைதூனின் வம்சம் பிழைத்துவிட்டது, சுவருக்கு அந்தப் பக்கம்.

கலீமுல்லா சுவர்மேல் சாய்ந்து நொய்யை அந்தப் பக்கம் வீசினார்.

"உன் கோயிய வுட்டுட்டு என் கோயிக்கு ஏன் பாய் போட்றே?"

"அதுங்க எங்க போவப்போவுது, சுப்பம்மா. இதுங்களுக்குத்தானே காலு கீது."