பினாங்கில் அடித்த பம்பை

கறம்பக்குடிப் பக்கத்து மேளம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நாயனம் இரண்டு, தவில் இரண்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் பம்பை. எங்கள் ஊர்க் காளி திருவிழாவுக்கு வருஷா வருஷம் அவர்கள்தான் வருவார்கள். பம்பைக்காரர் அடித்துக்கொண்டே பின்பக்கமாக வளைந்து, தரையில் கிடக்கும் பூவைப் பல்லால் கவ்வி எடுப்பார். அதைச் செய்துபார்க்கப் போய் ஐந்து வயதில் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த மேளத்தில் சாமி அழைக்கிற அடி என்று ஒன்று உண்டு. கடைசியில்தான் அடிப்பார்கள். அதைக் கேட்டதும் அப்பாவின் அக்காமேல் காளி வந்து இறங்கும். அத்தை தலைவிரித்து ஆடுவாள், குறி சொல்வாள், பெரிய மனிதர்களை எல்லாம் டா போட்டுக் கூப்பிடுவாள். என்ன கேட்டாலும் மறுபேச்சு கிடையாது. அம்மாவின் வேலை மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நிற்பது. எங்கள் வீட்டில் சாமி வருவது நாத்தனாருக்கு, குடம் பிடிப்பது மருமகளுக்கு என்று ஆகியிருந்தது.

எனக்கு ஆறு வயதில் அப்பா எங்களைப் பினாங்குக்குக் கூட்டிப்போனார். கீழே அவருடைய மளிகைக்கடை, மேலே ஒரே அறையில் நாங்கள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அம்மாவுக்குப் பேச ஆள் இல்லை. பக்கத்துக் கடைச் சீனத்து அம்மாளோடு கைஜாடையில் பேசுவாள், அதுவும் எவ்வளவு நேரம்தான் முடியும்?

"ஊருக்கு எப்பங்க போறோம்?" என்று அடிக்கடி கேட்பாள். "அடுத்த கப்பலுக்குப் பாப்போம்" என்பார் அப்பா. கேட்பவளும் சலிக்கவில்லை, சொல்பவரும் சலிக்கவில்லை. கப்பல்கள் பாட்டுக்கு நாகப்பட்டினம் போய்வந்துகொண்டிருந்தன. நடுவில் அம்மாவின் ஒரே தங்கைக்குக் கல்யாணமும் நடந்து முடிந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பா ரொட்டி வாங்கிவந்தார்.

அங்கே போய் நாலாவது வருஷமோ என்னவோ, நம் ஊர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கூடி, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊரிலிருந்து மேளம் வரவழைத்தார்கள். எந்த மேளம் என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா, "பம்பையும் வருதாங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அப்பா கோயில் கமிட்டியில் இருந்தார். துரைமார்களும் சீன முதலாளிகளும் வந்து பார்க்கிற இடம், அதனால் அந்தச் சாமி அழைக்கிற அடி மட்டும் கூடவே கூடாது என்று மேளக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதை வீட்டில் வந்து பெருமையாகவும் சொன்னார். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

திருவிழா அன்று நான் முன்வரிசையில் நின்றேன். பம்பைக்காரருக்கு வயிறு கொஞ்சம் போட்டிருந்தது. ஆனாலும் வளைந்து பூவை எடுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அப்போது அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வெற்றிலைத் தட்டைக் கையில் கொடுத்தாள். பம்பைக்காரரிடம் நீட்டி, நம்ம ஊர்க் காளிக்கு அடிக்கிறதை அடிக்கச் சொல்லு என்றாள். "அப்பா பக்கம் போகாம இங்கிட்டுச் சுத்திப் போ" என்றும் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் ஊர்ப் பெண்பிள்ளை வெற்றிலை வைத்துக் கேட்டால் மேளக்காரர் மறுக்க மாட்டார். ரசம் சாப்பிட்ட நேரத்தில் அப்பா இதை யோசிக்கவில்லை.

"யாரு வீட்டுப் புள்ளை ஆத்தா நீ?" என்றார் பம்பைக்காரர். சொன்னேன். நான் கைகாட்டிய பக்கம் அம்மாவைப் பார்த்தார், கமிட்டிக்காரர்களைப் பார்த்தார், பிறகு வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பம்பையின் அடி மாறியது.

அப்பா கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் அம்மாவின் கொண்டை அவிழ்ந்துவிட்டது. அத்தையின் ஆட்டத்தைக் குடத்தோடு நின்று பார்த்தவளாயிற்றே, ஓர் அடி பிசகாமல் ஆடினாள். அப்பாவிடம் அதுவரை நிமிர்ந்துகூடப் பேசாதவள், நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏண்டா, என்னைய மறந்துபுட்டு இங்கிட்டு வந்து ஒக்காந்திருக்கியா? வார ஆடிக்குள்ள பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டு என் எல்லைக்கு வந்து சேரணும். வருவியா, மாட்டியா?"

அப்பாவின் தோளிலிருந்த துண்டு இடுப்புக்கு வந்தது. கமிட்டி, துரை, முதலாளி அத்தனை பேர் பார்க்க, அம்மாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "வாரேன் தாயி" என்றார்.

மறுநாள் காலையில் அம்மா, "நேத்து என்னமோ ஆச்சாமேங்க, எனக்கு ஒண்ணும் நெனைவில்லை" என்று சொல்லி அவருக்குக் காப்பி கொடுத்தாள். அப்பா அதைக் குடித்துவிட்டுக் கப்பல் டிக்கெட்டுக்குச் சொல்லப் போனார்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அத்தைக்கு வருகிற காளி, அத்தனை கடலைத் தாண்டி, எங்கள் மாடி வீட்டை எப்படிக் கண்டுபிடித்தது? ஊருக்கு வந்ததும் அத்தைக்கும் அதே சந்தேகம் இருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை.

ஆடித் திருவிழாவில் அதே மேளம், அதே அடி. அத்தைமேல் காளி வந்தது. இந்த முறை இரண்டு பேருக்கும் வரும் என்று நினைத்து நான் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் தயாராக நின்றேன். அம்மாவோ பழையபடி குடத்தைப் பிடித்துக்கொண்டு, தன் தங்கையோடு என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு வரலையாம்மா?" என்றேன்.

"ஊருக்குத்தான் வந்தாச்சே, இனிமே எதுக்கு?" என்றாள்.

மேளம் நின்றபின் பம்பைக்காரர் எங்களைக் கடந்து போனார். "என்ன ஆத்தா, இந்தத் தடவை வெத்தலைத் தட்டு இல்லையா?" என்று என்னிடம்தான் கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது.

எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. நமக்காகக் கடல் தாண்டி வந்து அவ்வளவு சத்தம் போட்டது காளி. அதன் சன்னதியில் நின்றுகொண்டு, கையெடுத்துக் கும்பிடாமல் இவள் சிரிக்கிறாளே என்று, அவளுக்கும் சேர்த்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.