போஸ்டரில் திரும்பி வந்த பெயர்

இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் மூலக்கொத்தளத்தில் கஸ்பார் கடையில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். பேய் இராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது.

கஸ்பாருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற வேலை. எழுத்து அடிக்க அவர் வைத்திருந்தது, ராயபுரத்துப் பெண் ஜெமிமா செய்துகொடுத்த தமிழ் எடிட்டர். அதில் ஒரு கோளாறு. அன்டூ அழுத்தினால் கடைசியாக அடித்தது அழிய வேண்டும். அழிந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வந்தது. சரிசெய்ய ஜெமிமாவே கடைக்கு வந்தாள்.

"போன்னா போவுது. அப்பால திரும்பி வந்து குந்திகினு மொறைக்குதும்மா."

"நீதான் எதையாச்சும் தட்டியிருப்ப அண்ணே" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

திரையில் அன்றைய போஸ்டர். பெயர் ஜெயவேல். சின்ன வயசு. தூங்கினவன் காலையில் எழுந்திருக்கவில்லை. வீடு கடைக்குப் பின்சந்தில். உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மேளம் கடைச் சுவரையே அதிரவைத்தது.

"அந்தப் பேரு மேல மட்டும் கைய வெக்காத. பொணம் எடுக்கற வரிக்கும் பேரை அழிக்க மாட்டோம். எங்க தொழில்ல அப்படி" என்றார் கஸ்பார்.

படித்த பெண். காதில் ஏறுமா? அவர் டீ வாங்கப் போனதும் அன்டூவை அழுத்தினாள். 'ஜெயவேல்' மறைந்தது.

மேளம் நின்றது.

அவள் கவனிக்கவில்லை. பெயர் மெல்லத் திரும்பி வந்தது. மேளமும் தொடங்கியது.

தானாகச் சேமிக்கிற வசதிதான் பழையதைக் கொண்டுவருகிறது என்று நினைத்து, அதை நிறுத்தினாள். மறுபடி அன்டூ. பெயர் போனது. மேளம் பட்டென்று நின்றது. இப்போது நிமிர்ந்தாள். சந்தில் ஒரு பொம்பளை அலறல்.

"டேய், எம்புள்ள கை ஆடிச்சிடா!"

ஜெயவேலின் அம்மா பூவம்மா.

"பொட்டி மோட்டாருக்கு ஆடுது ஆயா. சும்மா கெட!" என்று யாரோ அதட்டினார்கள்.

திரையில் பெயர் வந்தது. மேளம் தொடங்கியது.

டீயோடு வந்த கஸ்பாரின் கையைப் பிடித்தாள். "ஓடு அண்ணே. பொட்டியத் தொறக்கச் சொல்லு!"

"இன்னா, மூளை கலங்கிடுச்சா? சாவு வூட்ல போயி இன்னான்னு சொல்றது? அன்டூன்னா?"

"அவன் உசுரோட கீறான் அண்ணே!"

அவள் முகத்தைப் பார்த்தார். டீயை வைத்துவிட்டு ஓடினார்.

ஜெமிமா தான் எழுதிய நிரலைத் திறந்தாள். மேலிருந்து கீழே வரை பார்த்தாள். அழிந்ததைத் திரும்ப அடிக்கிற வரி அதில் எங்குமே இல்லை. எழுதியவளே அவள்தான்; அப்படி ஒரு வரி எழுதவே இல்லை.

அழுத்தினாள். போனது. மேளம் நின்றது. முன்பு மெல்ல வந்த பெயர் இப்போது சீக்கிரம் வந்தது.

அழுத்தினாள். இன்னும் சீக்கிரம்.

அழுத்தினாள்... கண் இமைப்பதற்குள் வந்தது.

சந்தில் கஸ்பார் கத்துவது கேட்டது. "தொறங்கடா! ஒரு தபா தொறங்கடா!" யாரோ அவரைத் திட்டினார்கள். தள்ளினார்கள். அதற்கு மேல் மேளம்.

மறுபடி அழுத்தினாள்.

டிக்.

ஒன்றும் நகரவில்லை.

எடிட்டர் கொஞ்ச வேலைகளைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். அது தீர்ந்துவிட்டது. பின்னுக்கு எடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

டிக்... டிக்...

மேளம் நிற்கவில்லை.

அழுத்திக்கொண்டே இருந்தாள். பிணத்தை எடுத்துவிட்டார்கள். மேளச் சத்தம் சுடுகாட்டுப் பக்கம் தேய்ந்துகொண்டே போனது. விரலை எடுக்கவில்லை.

மறுநாள் ஐஸ் பெட்டிக்காரர் கடைக்கு வந்தார். ஜெயவேலை வைத்திருந்த பெட்டியின் பிளாஸ்டிக் மூடியைப் பலகை மேல் மல்லாத்தி வைத்தார்.

"புது மூடி கஸ்பாரு. நீதான் தொறக்கச் சொல்லி கத்துனியாமே. யாரு இந்த வேலை பண்ணது?"

மூடியின் உள்பக்கம். நகத்தால் கிழித்த கோடுகள்.

முதல் கோடு ஒரு சாண் நீளம். அடுத்தது அதில் பாதி. அதற்கடுத்தது விரல் கணு அளவு.

கடைசியில் இருந்தது கோடே இல்லை. நகம் வைத்த இடம் மட்டும்.