கேத்தரினின் வைவாவும் தேர்வாளரின் சொர்க்கவாசலும்

காட்டூர் கேத்தரினுக்கு மீன் பைத்தியம். தின்பதற்கல்ல. காவிரியிலும் கொள்ளிடத்திலும் இருக்கும் ஒரே வகைப் பொடிமீன், ஸ்ரீரங்கம் நடுவில் கிடப்பதால் எப்படி இரண்டு விதமாக மாறி வருகிறது என்று வருடக்கணக்கில் முழங்கால் தண்ணீரில் நின்று ஆராய்ந்தவள். அம்மா செல்வமேரி குழம்புக்கு மீன் கேட்டால், பாட்டிலில் போட்டு வைத்திருப்பதைத்தான் காட்டுவாள்.

ஆய்வேட்டைப் படித்த ஜெர்மனி ஆய்வகம் ஒன்று, போஸ்ட்டாக் இடம் தருகிறோம், வா என்றது. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அடுத்துச் செய்யும் ஆராய்ச்சி அது; பரிணாம உயிரியலில் அப்படியோர் இடம் எளிதில் கிடைக்காது. நிபந்தனை ஒன்றுதான்: நவம்பர் முடிவதற்குள் பட்டம். பாக்கி வைவா என்னும் வாய்மொழித் தேர்வு மட்டும். வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் வந்து, நாலு கேள்வி கேட்டு, சாப்பிட்டுப் போக வேண்டும்.

வழிகாட்டிப் பேராசிரியர் ரத்தினவேல் சிரித்த முகமாகக் கூப்பிட்டார்.

"தேதி கிடைச்சிருச்சும்மா. வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள்."

"அது டிசம்பர் கடைசி சார். ஜெர்மனி போயிடுமே!"

"தேர்வாளர் குடும்பத்தோட வர்றாரும்மா. சொர்க்கவாசல் பாக்கணுமாம்."

"வைவாவ ஆன்லைன்ல வைக்கலாமே சார்?"

"வைவா வைக்கலாம். சொர்க்கவாசல ஆன்லைன்ல பாக்க முடியுமா?"

"டி.வி.ல நேரடியா காட்டுறாங்களே சார்."

"இந்த வாய வைவாவுக்கு வச்சுக்க."

பெருமாள் மீது இதை எழுதும் எனக்கு ஒரு புகாரும் இல்லை. யாருடைய வைவாவையும் தள்ளிவைக்கச் சொல்லி அவர் கடிதம் போட்டதில்லை. வெளிச்சம் இல்லாத குகையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மீனுக்குக் கண் போய்விடும் என்று கேத்தரின்தான் எனக்குச் சொன்னாள். கேள்வி கேட்க ஆளில்லாத நாற்காலியில் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்தால் என்ன போகும் என்பதை நான் ரத்தினவேலிடம் கண்டுகொண்டேன். கூச்சம்.

ஜெர்மனிக்காரர்களிடம் அவள் கெஞ்சினாள். இரண்டு வாரம் பொறுத்தார்கள். பிறகு, மிகுந்த வருத்தத்துடன், வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

வைவா நடந்தது. முந்தின நாள் வரிசையில் நின்ற களைப்பில் தேர்வாளர் ஸ்லைடு மாறுவதற்குள் இரண்டு முறை கண்ணசந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதுவும் மீனின் பெயர். "வாழ்த்துகள், டாக்டர் கேத்தரின்!" கைதட்டல், பொன்னாடை, சாப்பாடு.

பாயசத்தின்போது அவருக்கு அக்கறை வந்தது. "போஸ்ட்டாக் எதுக்கும் முயற்சி பண்ணலையாம்மா? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஆர்வமே கிடையாது."

"கிடைச்சுது சார். நீங்க சொர்க்கவாசல் பாக்க வர்றதுக்குள்ள போயிருச்சு."

ரத்தினவேலுக்குப் புரையேறியது. தேர்வாளர் தண்ணீர் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாரே தவிர, யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இருமல் அடங்கியதும் ரத்தினவேல் பேச்சை மாற்றினார். "கேத்தரின், சார் குடும்பத்தை ஜங்ஷன்ல விட்டுட்டு வந்துரும்மா. உன் கார் இருக்குல்ல?"

"இருக்கு சார். ஆட்டோ வாசல்லயே நிக்கும், சொல்லி விடுங்க."

"நீ போகலையா?"

"இல்லைங்க சார். நேத்து வரைக்கும் நான் உங்க ஸ்டூடண்ட்டு."

பொன்னாடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, அடுத்த விண்ணப்பத்தை எழுதக் காட்டூருக்குக் கிளம்பினாள்.