மெக்கானிக் எழுதிய ஆசைகள்

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். மனைவி போய்ச் சேர்ந்து பதினான்கு மாதமாகியும் அவருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், அவ்வளவுதான். ஒருநாள் லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழியில், மெயின் சுவிட்சை அணைக்காமலேயே இறங்கி நின்றார். கூட வேலை பார்ப்பவர் மேலிருந்து அலறிய பிறகுதான் ஏறி வந்தார். கேட்டதற்கு, "மறந்துட்டேன்" என்றார்.

மறக்கவில்லை என்பதை அக்காவிடம் மட்டும் சொன்னார். அக்கா அழவில்லை, திட்டவில்லை. மறுநாள் காலையிலேயே கையோடு கூட்டிப்போய் மனநல டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டாள்.

சில வாரம் மாத்திரை கொடுத்துப் பார்த்த டாக்டரம்மா, பிறகு ஒரு வேலையும் கொடுத்தார்.

"சாகறதுக்குள்ள செஞ்சிடணும்னு தோணறதை ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க."

"அந்த நெனப்பே வேணாம்னுதானே இங்க வர்றேன்?"

"சாவைப் பத்தி எழுத வேணாம். அதுக்கு முன்னாடி இருக்கறதை எழுதுங்க. சின்னதா இருந்தாலும் சரி."

இரண்டு வாரமாகியும் தாள் வெறுமையாகவே கிடந்தது. பொறுக்கமாட்டாமல் அக்காவே ஒரு தாளுடன் எதிரில் வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அவர் மெல்ல எட்டிப் பார்த்தார். 'ஒரு நாள் முழுக்க யாருக்கும் சமைக்கக் கூடாது.'

"பரீட்சையில காப்பியடிக்கிற மாதிரி என்னடா எட்டிப் பாக்கறே? உன்னுதை எழுது!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மூன்று எழுதினார்: இருபத்திரண்டாம் மாடி ஜன்னல், தம்பி, நீச்சல்.

எத்தனையோ வருடம் தான் லிஃப்ட் பார்த்துவரும் அந்த உயரமான கட்டடத்தின் குழியிலும் மோட்டார் அறையிலும் கிடந்தவர், ஜன்னலருகே ஒருமுறைகூட நின்றதில்லை. போய் நின்றார். மனைவி கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரிதான் முதலில் கண்ணில் பட்டது. பத்து நிமிடம் நின்று அழுதுவிட்டு இறங்கினார்.

ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்குப் போன் செய்தார். "இப்ப எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று தம்பி வைத்துவிட்டான். மூன்று நாள் அவர் படுக்கையை விட்டு எழவில்லை.

"அந்த ஆசை உங்க கையில மட்டும் இல்லீங்க. தள்ளி வைங்க. அடுத்தது என்ன?" என்றார் டாக்டரம்மா.

ஞாயிறு காலைகளில், இடுப்பளவு உயரப் பிள்ளைகளுக்கு நடுவே நாற்பத்தொன்பது வயதுக்காரர் நீச்சல் குளத்தில் இறங்கினார். வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார். ஐந்தாவது வாரம் பயிற்சியாளர், "கழுத்தை இறுக்காதீங்க சார், தலையைத் தண்ணிக்கே விட்டுடுங்க" என்றார். விட்டார். பதினோரு நொடி மிதந்தார். காதுக்குள் எந்தச் சத்தமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முகம் தொங்கிப்போயிற்று. "மிதந்த அந்தப் பதினோரு நொடி அவளை மறந்தே போயிட்டேன்க்கா."

"பதினோரு நொடிதானேடா? மீதி நேரமெல்லாம் அவளோடதானே இருக்கே."

இன்றும் சில காலைகளில் பல் தேய்ப்பதே மலையாகத் தெரிகிறது. நடுவில் ஒருமுறை மாத்திரையின் அளவைக் கூட்டவேண்டி வந்தது. அப்படிப்பட்ட நாட்களில் தாளை எடுத்துப் பார்ப்பார். சில நேரம் ஒரு வரி சேர்ப்பார், பல நேரம் மடித்து வைத்துவிடுவார்.

போன ஞாயிறு நல்ல மழை. போகவேண்டாம் என்றே படுத்திருந்தவர், ஏழு மணிக்குத் துண்டைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார். குளம் பூட்டியிருந்தது. "அடுத்த வாரம் வர்றேன்" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு நனைந்துகொண்டே திரும்பினார்.