தொழுவத்தில் கட்டிய சிலந்திக் கூடு

உலகச் சண்டை நடந்த காலம் அது. செவலைக் காளையின் கழுத்தில் நுகத்தடி உரசிப் புண் வந்துவிட்டது. புதுக்கோட்டைக் கடைகளில் மாட்டு மருந்து கேட்டால் கையை விரித்தார்கள். மழைக்கு முன் புண் ஆறாவிட்டால் எங்களுக்கு உழவு இல்லை. ஈயோ விரட்ட விரட்ட மொய்த்தது. புழு வைத்தால் காளையே போய்விடும்.

எங்கள் உடைமுள் வேலியில் அழுக்குப் பஞ்சு மூட்டை போல ஒரு சிலந்திக் கூடு இருந்தது. ஒன்றிரண்டல்ல, சிலந்திகள் கூட்டமாகக் குடியிருந்தன. சுற்றிலும் வலை, வலை நிறைய ஈ! கிளையோடு வெட்டி வந்து தொழுவத்து வாசலில் கட்டினேன்.

"சிலந்திய வீட்டுக்குக் கூட்டியாந்தவ நீ ஒருத்திதான்," என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப நீங்க உக்காந்து ஈ பிடிங்க."



விடிந்து பார்த்தால் வாசலில் புது வலை. ஈ விழ விழ எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கூட்டின் கிழிசலுக்குள் கடுகளவுக் குஞ்சுகள் தாயின் வாயடியில் முண்டின. தாய் கக்கிய நீரைக் குடித்தன. சிலந்தி பிள்ளைக்கு ஊட்டும் என்று எவனாவது எனக்குச் சொன்னானா?

சில நாளில் பெரிய சிலந்திகள் வெறும் தோலாக மாடு தீனி தின்னும் காடியில் உதிர்ந்தன. வீட்டுக்காரர் அரிவாளோடு வந்தார்.

"சீக்கு வந்து சாவுது புள்ள. மாட்டுக்கும் ஒட்டிக்கிரும்."

"நில்லுங்க! உள்ள பாருங்க!"

ஒரு தாய் உயிரோடுதான் இருந்தது. குஞ்சுகள் அதன் வயிற்றை அப்பி உறிஞ்சிக்கொண்டிருந்தன. அது ஒன்றைக்கூட உதறவில்லை.

"அடப்பாவிகளா, பெத்தவளையே திங்குதுக!"

"அவதான் குடுக்கிறா. கண்ணு தெரியல?"

"சரி, அவளும் போயிட்டா ஈயை எவன் பிடிப்பான்?"

அவர் கிளையைப் பிடித்து அரிவாளை ஓங்கிய நேரம் ஒரு மாட்டு ஈ வலையில் மோதியது. கூட்டிலிருந்து அந்தப் பொடிசுகள் பொலபொலவென்று கொட்டின. கால், இறக்கை, தலை என்று எல்லாப் பக்கமும் தொற்றி இழுத்தன. ஈ அடங்கிவிட்டது!

"அந்தா! அந்தா!" என்று நான் கத்தினேன். என்னைவிட அவர்தான் பெரிதாகக் கத்தினார்.

அரிவாளைக் கூரையில் செருகியவர், "எங்க ஆத்தாகிட்ட மட்டும் இதைச் சொல்லிராத. பெத்த புள்ளைக எங்களைப் பாத்தே பயந்துரும்," என்றார்.

முதல் மழைக்குச் செவலையைத்தான் ஏரில் பூட்டினோம்.